ஒற்றைக்குழல் பைக்கால்: வன்னி வயலுக்கு ஏற்றதா, எப்படிக் கழற்றிப் பேணுவது

நெல் குடலை தள்ளும் நாட்களில் பன்றி இறங்காத வயல் முத்தையன்கட்டிலும் இல்லை, மல்லாவியிலும் இல்லை. சோளம், மரவள்ளி, கச்சான் போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை இன்னும் நீளும். பயிர்க் காவலுக்கு உரிமம் எடுத்தவர்கள் பார்க்கக்கூடிய 12 போர் (குழலின் அகல அளவு) ஒற்றைக்குழல் துவக்குகளில் ரஷ்யத் தயாரிப்பான பைக்கால் எம்பி-18 ஒன்று. இஷெவ்ஸ்க் நகரத் தொழிற்சாலை 1960களிலிருந்து இஷ்-18 என்ற பெயரில் செய்து வந்த துவக்கின் பின்வந்த வடிவம் இது. 16, 20, .410 அளவுகளிலும் உண்டு. இங்கே பேசுவது 12 போர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அழகு கிடையாது, விரலால் இழுக்கும் விசை பாரம், தோளில் நன்றாக உதைக்கும். ஆனால் ஒரு கருவியும் இல்லாமல் மூன்று துண்டாகக் கழரும். உள்ளே முறியக்கூடிய சின்னச் சாமான்கள் குறைவு. குழலின் உட்புறமும் தோட்டா அறையும் குரோம் பூசியவை. கார்த்திகை மழையில் நனைந்து திரியும் துவக்குக்கு இதைவிட வேறு சிபாரிசு தேவையில்லை.

குரோம் உள்ளே மட்டுந்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழலுக்குள் கண்ணாடிபோல மினுங்குவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு வெளியே விட்டுவிடுவார்கள். கறள் தொடங்குவது மூன்று இடங்களில்: கையால் தாங்கும் முன்கட்டை மூடி மறைத்திருக்கும் குழற்பகுதி, குழல் மடியும் பிணைச்சல், தோட்டாவின் பின்புறம் வந்து ஒட்டும் தட்டையான முகம். மூன்றும் கழற்றினால்தான் தெரியும்.

கழற்றுவதற்கு முன் வெறுமையா என்று பார்க்க வேண்டும். விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் இருக்கும் நெம்பை அழுத்தினால் குழல் மடியும். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, சுண்டுவிரலை விட்டுத் தடவவும் வேண்டும்; இருட்டில் கண் ஏமாற்றும். தோட்டாப் பெட்டி நீங்கள் கழற்றும் வீட்டறையிலேயே இருக்கக் கூடாது. பிறகு குழலை மூடி, முன்கட்டையின் முன்நுனியைக் குழலிலிருந்து விலக்கி இழுத்தால் அது படக்கென்று கழன்று வரும். புதியதில் இறுக்கமாக இருக்கும். தட்டக் கூடாது, பெருவிரலால் சீராக இழுத்தாலே வரும். மறுபடி நெம்பை அழுத்தி, குழலை மடித்து, பிணைச்சலிலிருந்து மேல்நோக்கித் தூக்கினால் வேலை முடிந்தது. குழல், முன்கட்டை, பிடங்கோடு (தோளில் பதியும் மரப்பகுதி) சேர்ந்த இயங்குபெட்டி. இதற்கு மேல் வீட்டில் கழற்ற எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் குதிரையும் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) சுருள்வில்லும் நெம்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இவற்றைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசிகளைத் தட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போய் நிற்பார்கள்.

குழல் துப்புரவுக்கு வேண்டியவை: 12 போருக்கான மூன்று துண்டுத் தடி, பித்தளைக்கம்பி பிறஷ் ஒன்று, துணி கோக்கும் முனை ஒன்று, பழைய சாரத்தில் வெட்டிய 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகள். தடியை எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ள வேண்டும். வாய்ப் பக்கமிருந்து குத்தினால் ஊத்தை முழுக்க அறைக்குள்ளும் சுட்ட தோட்டாவை வெளியே தள்ளும் இழுப்பானுக்குள்ளும் வந்து சேரும். முதலில் மண்ணெண்ணெய் தோய்த்த துணி ஒன்று, பத்து நிமிடம் ஊறவிட்டு பிறஷ் பத்துத் தடவை, பிறகு துணி வெள்ளையாக வரும்வரை. பிறஷைக் குழலின் நடுவில் வைத்துத் திசை திருப்பாதீர்கள். கம்பிகள் மடிந்து சிக்கிவிடும். முழுதாக வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது அறை முடிந்து குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் மங்கலான கோடுகள் தெரிந்தால் அது ஈயமும் பிளாஸ்ரிக்கும். கறள் என்று பயந்து எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் குரோம்தான் போகும். மண்ணெண்ணெயும் பிறஷும் இன்னொரு சுற்றுப் போதும்.

வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு பழகிய கைகள் இதையும் சுடுநீர் ஊற்றிக் கழுவப் பார்க்கும். கறுப்பு மருந்தின் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும் என்பதால் அங்கே அது சரி. இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகையற்ற மருந்து, தண்ணீர் தேவையில்லை. ஊற்றினால் இயங்குபெட்டிக்குள் இறங்கி, பார்க்க முடியாத இடத்தில் கறள் பிடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மண்ணெண்ணெய் கழுவ நல்லது, காக்க உதவாது. ஆவியாகிப் போனதும் இரும்பு அம்மணமாக நிற்கும். ஆகவே அதற்கு மேல் எண்ணெய் கட்டாயம். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், இறுகிய திருகாணியை இளக்கும். ஆனால் அது விட்டுப் போகும் படலம் மிக மெல்லியது, மழைக்காலம் முழுக்கத் தாங்காது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசினாகி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியின் துளையை அடைக்கும், பனிக்கால விடியலில் உறையவும் பார்க்கும். தையல் மெசின் எண்ணெய் மலிவு, எங்கும் கிடைக்கும், போதுமானது. வெளிப்புறம் முழுவதற்கும் துணியில் ஏழெட்டுத் துளி. பிணைச்சலுக்கும் பூட்டு நாக்குக்கும் ஓர் அரிசி மணியளவு கிறீஸ். அந்த ஊசித் துளைக்கு ஒரே ஒரு துளி. அறையையும் குழலையும் சுடுமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழியும் அறையில் தோட்டா பின்னோக்கி அதிக பலத்தோடு இடிக்கும். அந்த அடி பூட்டில் விழும்.

எண்ணெய் போட்ட இரவு துவக்கை வாய் கீழாகச் சாத்தி வைக்க வேண்டும். வாய் மேலாக வைத்தால் எண்ணெய் வழிந்து பிடங்கின் தலைப்பகுதிக்குள் ஊறும். மரம் கறுத்து இளகி, உதையில் வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிப்பு இயங்குபெட்டிக்குப் பின்னால் மயிரிழை போல ஆரம்பிக்கும். கண்டவுடன் பிடங்கின் அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் நீண்ட ஆணியை நீளமான திருப்புளியால் இறுக்கிப் பார்க்கலாம். ஆணி தளர்ந்திருந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

வைக்கும் இடம் துவக்கைவிட முக்கியம். மண்தரை மூலையில் நிறுத்தினால் பிடங்கைக் கறையான் அரிக்கும். அடுப்படிக்கு மேலே செருகினால் புகைக்கரி ஈரம் இழுக்கும். யூரியாப் பையில் சுற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: பையில் ஒட்டியிருக்கும் உரம் காற்றின் ஈரத்தைக் குடித்து இரும்போடு சேர்ந்துகொள்ளும், ஒரு மழைக்குள் புள்ளி புள்ளியாகக் குழி விழும். றெக்சின் உறையும் நீண்ட நாள் வைப்புக்கு ஆகாது, உள்ளே வியர்க்கும். பூட்டுப் போட்ட மரப்பெட்டி, தரையிலிருந்து ஓரடி உயரம், தோட்டா வேறிடம். பூநகரி, கொக்கிளாய்ப் பக்கம் உப்புக் காற்றுப் படுவோர் சுட்டாலும் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். கடலிலிருந்து தள்ளிய உள்ளூர்களில் மாதம் ஒருமுறை போதும்.

வயலுக்கு எடுத்துப் போகுமுன் குழலை மடித்து வெளிச்சம் பாருங்கள். சில நாள் சும்மா நின்ற குழலின் வாயில் குளவி மண்கூடு கட்டிவிடும். வரம்பு தாண்டும்போது வாய் சேற்றில் குத்தினாலும் இதே கதி. அடைப்போடு சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். வீங்கிய குழலை உள்ளே பார்த்தால் வளையம் போன்ற நிழல் தெரியும், வெளியே விரலால் தடவினாலும் மேடு படும். அந்தக் குழலுக்கு வைத்தியம் இல்லை.

தோட்டா வெடிக்கவில்லை என்றால் வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்துத்தான் மடிக்க வேண்டும். சில வேளை தாமதித்து வெடிக்கும். பிறகு தோட்டாவின் அடிப்பகுதியில் ஊசி அடிக்கும் பொட்டைப் பாருங்கள். ஆழமான குழி இருந்தால் குறை தோட்டாவில். மெல்லிய குழி என்றால் ஊசித் துளையில் பிசின் அல்லது ஊசிமுனை தேய்வு. குழியே இல்லை என்றால் குழல் முழுதாக மூடவில்லை. இழுப்பான் உட்காரும் வெட்டில் நெல்லுமியோ மண்ணோ இருக்கும், பல்துலக்கும் பிறஷால் எடுத்துவிடலாம். இந்தத் துவக்கு சரியாகப் பூட்டாமல் சுடாது. இது நல்ல பழக்கம்தான், கோபப்பட வேண்டாம். வெறும் அறையில் விசையை இழுத்து விளையாடுவதுதான் ஊசியை முறிக்கும். .22 றைபிள் வைத்திருப்போர் இதில் இன்னும் கவனம்: அதன் தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிப்பது, வெறுமையாக இழுத்தால் ஊசி அறையின் விளிம்பையே கொத்தும்.

தோட்டாவில் பார்க்க வேண்டியது நீளம். குழலின் அடித்தட்டில் 70 என்று பொறித்திருந்தால் 70 மில்லிமீற்றர் வரை. பழைய ஆங்கிலத் துவக்குகளில் 65 இருக்கும், அதில் 70 உள்ளே போகும், ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். உள்ளே போவதால் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. கடதாசித் தோட்டா ஈரத்தில் பருத்து அறையில் இறுகும், மழைக்காலத்துக்குப் பிளாஸ்ரிக்தான். எஸ்ஜி என்ற பெரிய ஈய உருண்டை அவுன்ஸுக்கு எட்டு, உதை பெரிது. 3 கிலோவுக்குள் எடையுள்ள துவக்கில் அதை உணர்வீர்கள். தோளுக்கு இறப்பர்த் தகடு மாட்டுவது வீண்செலவல்ல.

பழையது வாங்குவோர் முதலில் கடதாசிகளைப் பார்க்க வேண்டும். இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின் கீழ் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. உரிமம் இல்லாமல் கைமாற்றுவது குற்றம். துவக்கைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துவக்கைக் காதருகே குலுக்குங்கள். பிணைச்சல் தேய்ந்திருந்தால் கடகடக்கும். குழலுக்கும் பெட்டிக்கும் இடையில் வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.