மலை மடிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள்: கொடைக்கானல் ஒளிபரப்பும் எங்கள் ஊர்க் கேபிளும்

1990 பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அந்த ஆண்டு பூண்டு விலை கைகொடுத்ததால், அப்பா வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய், பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை சாலிடேர் பெட்டி ஒன்றை வாங்கி, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி பேருந்தில் கொண்டு வந்து சேர்த்தார். அன்று முதல் இன்று வரை பூம்பாறையில் அதே வீட்டில், கூரை ஏரியல், ஊர்க் கேபிள், செட்டாப் பாக்ஸ், இலவச டிஷ் என நான்கு வழிகளில் தொலைக்காட்சி பார்த்திருக்கிறோம். எத்தனை சேனல், மாதம் எவ்வளவு என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு மலைக் கிராமத்து வீட்டுக்கு இந்த ஒளிபரப்புகள் எதைக் கொண்டுவந்தன, எதைக் கொண்டுவரவில்லை என்பதை நெடுநாள் பயனாளராகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் கோபுரம். கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பி நிறுவப்பட்டதன் காரணம் எளிமையானது. பழைய தரைவழி ஒளிபரப்பின் அலைகள் ஏறத்தாழப் பார்வை போகும் வழியிலேயே போகும். ஆகவே எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம் எட்டும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் நின்றால், கணக்குப்படி தொடுவானம் 180 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிப் போகிறது. மதுரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான். அதனால் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து மொட்டை மாடிகளில் இருந்த ஏரியல்கள் எங்கள் மலையை நோக்கித் திரும்பியிருந்தன. பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் போனபோது அத்தை வீட்டில் படம் கண்ணாடி போலத் தெரிந்ததைப் பார்த்து எனக்கு வியப்பைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. ஏனென்றால் கொடைக்கானல் நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத எங்கள் வீட்டில் மணல் கொட்டியது போன்ற புள்ளிகளே தெரிந்தன. பூம்பாறை ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். நடுவில் நிற்கும் மலைமுகடு அலையை மறித்துவிடுகிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியல் மாட்ட வந்தவர் அதை நகரத்துப் பக்கமாகவே திருப்பி வைத்து, பூஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டு நாள் போராடிவிட்டு, இங்கே எடுக்காது என்று சொல்லிப் போய்விட்டார். மூன்றாம் நாள், குழாயைக் கழற்றி வைக்கலாம் என்று அப்பா கூரைமேல் ஏறி அதை முழுதாகச் சுழற்றியபோது, உள்ளே இருந்த அம்மா, “நில்லுங்க, நில்லுங்க, முகம் தெரியுது” என்று கத்தினார். ஏரியல் அப்போது கோபுரத்துக்கு நேர் எதிர்த்திசையில், பள்ளத்தாக்கின் மறுகரைச் சரிவை நோக்கியிருந்தது. முகட்டைத் தாண்டி மேலே போன அலை எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வருவதை நாங்கள் பிடித்திருக்கிறோம். அடுத்த எட்டு ஆண்டுகள் எங்கள் ஏரியல் அப்படியே நின்றது. எங்களைப் பார்த்துத் தெருவில் இன்னும் ஆறேழு வீடுகளும் தங்கள் ஏரியல்களைத் திருப்பிக்கொண்டன.

மோதித் திரும்பும் படத்துக்கு ஒரு குறை உண்டு. செய்தி வாசிப்பவரின் வலத்தோளுக்கு அப்பால் அவருடைய இன்னொரு மங்கலான உருவமும் வாசித்துக்கொண்டிருக்கும். பின்னாளில் இயற்பியல் படித்தபோது அதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அலை 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ நொடி தாமதமாகிறது. திரையில் ஒரு கோடு வரையப்படுவதற்கு ஆகும் நேரமே ஏறத்தாழ 52 மைக்ரோ நொடிதான் என்பதால், அந்தச் சிறு தாமதத்துக்கே எங்கள் பெட்டியில் அரை சென்டிமீட்டர் தள்ளி நிழல் விழும். எங்கள் நிழல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. அப்படியானால் முதல் அலையைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு இரண்டாவது அலை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அடிக்கோலை வைத்துத் திரையில் அளந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மழையால் படம் கெட்டதில்லை, காற்றால்தான் கெட்டது. ஆடிக் காற்றில் குழாய் கால் அங்குலம் திரும்பினாலும் போதும், மகாபாரதத்தில் அர்ச்சுனன் மறைந்துவிடுவான். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால், தடங்கல் நிலையத்தில்தான், நம் கூரையில் இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்போம்.

நிகழ்ச்சிகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் மலைமேல் நின்ற கோபுரம் எங்கள் மலையைக் காட்டவில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகளையும் டெல்லியின் நிகழ்ச்சிகளையும் வாங்கிச் சமவெளிக்கு அனுப்புவதே அதன் வேலை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கினால் தெருவே எங்கள் வீட்டில் கூடும். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்பா ஒரு நாளும் தவறாமல் பார்த்த நிகழ்ச்சி ‘வயலும் வாழ்வும்’. நெல், கரும்பு, வாழை பற்றி அவர் நிறையக் கற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் படிக்கட்டு நிலத்தில் விளைவதோ பூண்டும் உருளைக்கிழங்கும். நான் பார்த்த அத்தனை ஆண்டுகளில் மலைப்பூண்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சிகூட எங்கள் பெட்டியில் வந்து நான் பார்க்கவில்லை. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை.

இந்த இடத்தில், எங்கள் வீட்டுக்குப் பெட்டி வருவதற்கு முன்பு நான் பார்த்த இன்னொரு ஒளிபரப்பைச் சொல்லாமல் போக முடியாது. கொடைக்கானல் நகரின் தென்கிழக்கு விளிம்பில், பள்ளத்தைப் பார்த்தபடி சித்தப்பாவின் வீடு இருந்தது. அங்கே எண்பதுகளின் நடுவில் இலங்கையின் ரூபவாகினி தெரியும். 1982 பிப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் ஒளிபரப்பி, நுவரெலியாவை ஒட்டிய பிதுருதலாகல மலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பார்வைக் கோட்டுக்கும் அப்பாற்பட்ட தூரம். ஆனாலும் இடையில் பெரும்பகுதி தாழ்ந்த நிலமும் கடலும்தான். காற்றின் வெப்ப அடுக்குகள் சாதகமாக அமையும் நாட்களில் அலை வளைந்து வந்து சேர்ந்துவிடும். கிரிக்கெட் பார்ப்பதற்காகவே சித்தப்பா ஏரியலை மிக உயரமாக நட்டிருந்தார்.

அங்கே கிரிக்கெட் பார்க்க வராத ஒருவர் இருந்தார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில எங்கள் மலையிலும் கூலி வேலைக்கு வந்து சேர்ந்திருந்தன. பக்கத்து லைனில் குடியிருந்த அந்தப் பெரியம்மா நுவரெலியாவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ச் செய்தி நேரத்துக்குச் சரியாக வந்து வாசற்படியில் உட்காருவார். படத்தில் தேயிலைச் சரிவு தெரிந்துவிட்டால், “தம்பி, அந்த வளவுக்குப் பின்னாலதான் நாங்க இருந்த லயம்” என்று விரலை நீட்டுவார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அது உண்மையில் அதே தோட்டம்தானா என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்ற ஓர் ஒளிபரப்பி அவருக்கு அவருடைய ஊரைக் காட்டியது. ஓர் ஒளிபரப்பு நிலையத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற கேள்வி எனக்குள் அந்த வாசற்படியில்தான் விழுந்தது.

பூம்பாறைக்குக் கேபிள் வந்தது 1998-இல். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியதிலிருந்தே ஊரில் பேச்சிருந்தது. எங்கள் பள்ளத்துக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகளாயின. ஒரு பெரிய வலைத்தட்டு டிஷ்ஷும், ஓர் அறையும், இரண்டு பையன்களும்தான் நிறுவனம். மாதம் அறுபது ரூபாய். படத்தின் தரம் ஏரியலைவிடப் பல மடங்கு மேல். ஆனால் கம்பி மரத்துக்கு மரம் தொங்கியபடி வந்ததால், காட்டுமாடு கொம்பை உரசினால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். இடி விழுந்தால் கம்பத்திலிருக்கும் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். அப்படிப் போனால் மூன்று நாள், சில வேளைகளில் ஒரு வாரம். கட்டணத்தை மட்டும் ஒரு நாள் தள்ளிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார்கள். இந்தக் குறை கடைசிவரை தீரவே இல்லை.

அத்தனையையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அவர்கள் நடத்திய உள்ளூர் சேனல். மாலையில் இரண்டு மணி நேரம். பெரும்பாலும் பழைய படம். கீழே எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, உருளைக்கிழங்கு மூட்டை விலை, பழனி சாலையில் மரம் விழுந்திருப்பதால் வத்தலக்குண்டு சாலை வழியாகப் போகவும் என்ற அறிவிப்பு, காணாமல் போன கன்றுக்குட்டியின் நெற்றிச்சுழி அடையாளம். குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்தை முழுதாகப் படம்பிடித்து மறுநாளே போடுவார்கள். தேர் திரும்பும் முனையில் வடத்தைப் பிடித்திருந்த அப்பாவின் கைகள் ஒரு நொடி திரையை நிறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 2006-இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு குறிஞ்சி பூத்தபோது, ஒரு பையன் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு சரிவுசரிவாக நடந்து எடுத்த காட்சி ஒரு வாரம் தினமும் ஓடியது. விளக்கம் எதுவும் இல்லை. காற்றின் இரைச்சலும் அவனுடைய மூச்சும் மட்டுமே ஒலியாக இருந்தன. கொடைக்கானலைப் பற்றி எத்தனையோ சுற்றுலாக் காட்சிகள் பார்த்துவிட்டேன், அதைப் போல ஒன்றும் இல்லை.

வானொலியைப் பற்றி ஒரு வரி. கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கோடை பண்பலை, அதே உயரத்தின் பயனால் தென்மாவட்டங்களின் பெரும்பகுதிக்குக் கேட்கிறது. மலையின் பெயரையே தன் பெயராகச் சுமக்கிற அந்த நிலையம் எங்கள் தோட்டத்தில் களை எடுக்கும்போது இன்றும் ஒலிக்கிறது.

செட்டாப் பாக்ஸ் வந்தபின் படம் தெளிவானது, உள்ளூர் சேனல் மெலிந்தது. 2011-இல் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு மறுபடியும் தொடங்கப்பட்டதும், சில ஆண்டுகளில் அனலாக் கேபிள் முடிவுக்கு வந்ததும் பயனாளருக்கு நன்மைதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் முன்பு ஒரு வீடியோ பிளேயரும், அதன் படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்றும் ஒரு மாடுலேட்டரும் இருந்தால் ஊருக்குப் படம் காட்டிவிடலாம். டிஜிட்டல் முறையில் சிக்னல் எங்கோ தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து பூட்டப்பட்டு வருகிறது. அதற்குள் ஒரு கிராமத்தின் இரண்டு மணி நேரத்தை நுழைப்பதற்கு ஆகும் செலவை எங்கள் பையன்களால் தாங்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையைக் கடந்தபோது, சாலை அறுந்து, மின்சாரம் போய், பல நாட்கள் ஒன்றும் இல்லை. மின்சாரம் திரும்பிய அன்று நான் பழக்கத்தால் முதலில் தேடியது அந்தச் சேனலைத்தான். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இப்போது கூரையில் இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ். மாதக் கட்டணம் இல்லை. மலை மடிப்பில் வாழ்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; 93.5 பாகைக் கிழக்கிலுள்ள செயற்கைக்கோள் எங்கள் வானத்தில் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் நிற்பதால், எந்த முகடும் குறுக்கே வருவதில்லை. ஐப்பசி அடைமழையில் மட்டும் கால் மணி, அரை மணி நேரம் படம் உறைந்துவிடும். பொதிகை என்று பெயர் பெற்றிருந்து, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனலை அம்மா இன்னும் ‘மெட்ராஸ்’ என்றுதான் சொல்கிறார். 2022-க்குள் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. எங்கள் பழைய ஏரியல் குழாய் இன்று அவரைக்கொடிக்கு ஊன்றுகோலாக நிற்கிறது.

நான் மெய்யாகவே வருந்துவது ஒன்றுக்காகத்தான். அந்த உள்ளூர் சேனலின் நாடாக்கள். புது நாடா விலை அதிகம் என்பதால் ஒரு தேரோட்டத்தின் மேல் அடுத்த தேரோட்டத்தையும், அதன்மேல் யாரோ ஒருவரின் காதணி விழாவையும் பதிந்துவிட்டார்கள். மீந்தவற்றைச் சென்ற ஆண்டு அறையைக் காலி செய்யும்போது என்னிடம் கொடுத்தார்கள். ஒரு சாக்குப்பையில் முப்பத்தொரு கேசட். மலை ஈரத்தில் பெரும்பாலானவற்றில் நாடாச் சுருளின் விளிம்பில் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறது. அப்படியே பிளேயரில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும். ஆகவே வெயில் காயும் நாட்களில் உறையைத் திருகாணி கழற்றித் திறந்து, நூலற்ற மென்துணியால் நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்து, பிறகே கணினிக்கு மாற்றுகிறேன். ஒரு கேசட்டுக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. இதுவரை ஒன்பது முடிந்திருக்கின்றன: நான்கில் திருமணங்கள், மூன்றில் தேரோட்டம், ஒன்றில் பள்ளி ஆண்டு விழா, ஒன்றில் வெறும் மணல். குறிஞ்சி இன்னும் கிடைக்கவில்லை. 2006-இல் அந்த நிகழ்ச்சியை வீட்டு வீடியோவில் பதிந்து வைத்தவர்கள் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ இருந்தால், நாடாவை எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்க்காமல் அப்படியே என்னிடம் சில நாட்கள் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.