வெள்ளவத்தையில் ஒரு அனலொக் சிந்தசைசர்: நீண்ட நாள் பாவித்த பிறகு

போன கிழமை நுகேகொடையில் இருக்கும் நண்பன் போனில் கேட்டான்: "மச்சான், உன்னட்ட இருக்கிற அந்தப் பெட்டிக்கு விலை குறைஞ்சிருக்கு. பாவிச்சது ஒண்டும் இங்க ஒருத்தர் விக்கிறாராம். எடுக்கலாமா?" எடு, விடு என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்ன பெட்டி ஒரு அனலொக் சிந்தசைசர், மின்சுற்றால் சத்தம் உண்டாக்குகிற இசைக்கருவி. என்னுடையது அப்போதுதான் திருத்தி வீட்டுக்கு வந்திருந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. கோபத்தோடு சொன்னால் பெட்டிக்கு அநியாயம், கோபத்தை மறைத்துச் சொன்னால் நண்பனுக்கு அநியாயம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விவரங்களை அடுக்கப் போவதில்லை. சுரத்தை உண்டாக்க 3340 என்ற சிப் வகையில் இரண்டு ஒசிலேட்டர், சத்தத்தின் நிறத்தை மாற்ற ஒரு பில்டர், கேபிளால் பகுதிகளை இணைக்க முகப்பு முழுக்கப் பேட்ச் துளைகள். இதை அரை மொடியூலர் வகை என்பார்கள், எப்படி வேலை செய்கிறது என்று பின்னால் சொல்கிறேன். கம்பனிப் பெயரும் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப் போகிற குறை இந்த வகையில் எதற்கும் வரக்கூடியது. பக்கத்தில் ஒரு சின்ன யூரோரக் பெட்டி, அதாவது மொடியூல் எனும் தனித்தனிப் பகுதிகளைப் பூட்டி வைக்கிற சட்டம். அதில் ஏறி இறங்கும் வோல்டேஜ் தருகிற, மேக் நொய்ஸ் கம்பனியின் மாத்ஸ் மொடியூலும் வேறு சில சில்லறை மொடியூல்களும் இருக்கின்றன. டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் வாங்கியவை. 2022 மே மாதம் அது 360ஐத் தொட்டபோது, நல்ல வேளை முதலே வாங்கினோம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

அனலொக் என்றவுடன் எல்லோரும் முதலில் எச்சரிப்பது சுருதி நழுவுவதைப் பற்றித்தான். அது உண்மைதான். சுருதியைத் தீர்மானிப்பது ஒரு வோல்டேஜ். அந்த வோல்டேஜ் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும். அதைச் செய்கிற டிரான்சிஸ்டர் சோடி வெப்பத்துக்கு அசைந்து கொடுக்கும். ஈடுசெய்யும் சர்க்கிட் இல்லாவிட்டால் ஒரு பாகை வெப்ப மாற்றத்துக்குக் கிட்டத்தட்ட 0.33 வீதம் பிசகும். ஏழு பாகை மாறினால் ஒரு ஸ்தாயிக்கு ஏறக்குறைய 28 சென்ட், அதாவது ஒரு அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல். 3340 சிப்பிலேயே இதற்கு ஈடுசெய்யும் வழி இருக்கிறது. 1980இல் வந்த, புரொபெட்-5 என்ற சிந்தசைசரின் மூன்றாம் பதிப்பு அந்த சிப்புக்கு மாறியதற்குச் சுருதி நிலையாக நிற்பதும் ஒரு காரணம்.

ஆனால் கொழும்பில் இந்தப் பிரச்சினை பேசுகிற அளவுக்கு இல்லை. இங்கே வருடம் முழுக்க வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, பெட்டியை அரை மணி நேரம் சூடாக விட்டால் இரவு முழுக்கச் சுருதி நிற்கும். ஏசியைப் போட்டு 31இலிருந்து 24க்கு இறக்கினால்தான் நழுவும். குளிர்நாட்டுக்காரர்கள் தாங்கள் ஹீட்டர் போடுகிற அறையை வைத்து எழுதுகிற எச்சரிக்கையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

என்னைப் படுத்தியது வேறு. எங்கள் தொடர்மாடிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீதியும் ரயில் பாதையும் மட்டும்தான். மே பிறந்து தென்மேல் காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் உப்புப் பிசுபிசுக்கும். அந்த உப்புத்தான் பேட்ச் துளைகளுக்குள்ளும் போகிறது.

அரை மொடியூலர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இது ஏன் இவ்வளவு மோசம் என்று விளங்கும். முழு மொடியூலரில் கேபிள் போட்டால்தான் சத்தம். அரை மொடியூலரில் கேபிளே இல்லாமல் ஒசிலேட்டர் பில்டருக்குப் போகும், பில்டர் வெளியே போகும். அந்த உள் இணைப்புகளில் பல, துளைகளுக்குள் இருக்கிற மெல்லிய தகடுகள் வழியாகத்தான் ஓடுகின்றன. கேபிளைச் செருகினால் பிளக் அந்தத் தகட்டைத் தள்ளிப் பிரிக்கும்; உருவினால் தகடு திரும்ப வந்து ஒட்டும். ஆக, நீங்கள் தொடாத, கேபிளே போடாத துளைதான் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பாவிக்கிற துளையைப் பிளக் உரசி உரசித் துப்புரவாக வைத்திருக்கும், பாவிக்காத துளையில் உப்புப் படிந்துகொண்டே போகும். வாங்கும்போது வசதி என்று சொல்லி விற்கிற அதே அம்சம் கடற்கரையில் பலவீனமாகிறது. இதை எந்த விமர்சனத்திலும் நான் வாசித்ததில்லை.

முதலில் சத்தம் விட்டு விட்டு வந்தது. அது பரவாயில்லை, துளையில் ஒரு பிளக்கைச் செருகி உருவினால் சரியாகிவிடும். பிறகு மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கத் தொடங்கியது. கீழே சரியாக இருக்கும், மேலே போகப் போகத் தட்டையாகும். ஒரு திருத்தும் கடையில் கொடுத்தேன். ஒசிலேட்டர் சிப் போய்விட்டது என்று சொல்லி, மாற்றி, காசும் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினால் அதே தட்டை. அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் கோயில் ஒலிபெருக்கிகள் திருத்துகிற ஒரு ஐயாவிடம் போனேன். சிந்தசைசரை அவர் அதற்கு முன் திறந்ததில்லை. சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துக்கொண்டே கேபிளை மெதுவாக ஆட்டினார். ஊசி ஆடியது. கேபிளை முழுதாக உருவினார், ஊசி அசையாமல் நின்றது. "தம்பி, சிப் ஒண்டும் பழுதில்லை. இந்தத் துளையைப் பாருங்கோ" என்று டோர்ச் அடித்துக் காட்டினார். தகட்டின் நுனியில் கடுகளவு பச்சைக் களிம்பு. அவ்வளவுதான்.

அந்தப் பச்சை என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருதி வோல்டேஜ் நுழைகிற துளைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு லட்சம் ஓம் தடை இருக்கும். அழுக்குத் துளை ஆயிரம் ஓம் கூடுதலாகச் சேர்த்தால் வோல்டேஜில் ஒரு வீதம் குறையும். பூச்சியம் வோல்ட்டில் அது தெரியவே தெரியாது. மூன்று வோல்ட்டில், அதாவது மூன்று ஸ்தாயி மேலே, 36 சென்ட் தட்டை. காது உள்ள யாருக்கும் அது குத்தும். வெப்பத்தால் நழுவுகிறதா துளையால் நழுவுகிறதா என்று பிரித்தறிய அந்த ஐயா செய்த சோதனை போதும்: கேபிளை ஆட்டிப் பார், பிறகு உருவிப் பார்.

துளையை மாற்றுவதும் லேசான வேலை இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கினேன். 3.5 மில்லிமீற்றர் சொக்கெட் கேட்டால் ஹெட்போனுக்கான ஸ்டீரியோ வகைதான் எடுத்துத் தருகிறார்கள். சிந்தசைசருக்கு வேண்டியது நிமிர்ந்து நிற்கிற மோனோ வகை, கால்களின் இடைவெளியே வேறு. வெளிநாட்டிலிருந்து வரும்வரை பெட்டி திறந்தபடி மேசையில் கிடந்தது. இப்போது எல்லாத் துளையிலும் காலிப் பிளக் செருகி மூடலாமென்றால் உள் இணைப்பு பிரிந்துவிடும். ஆகவே சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியுள்ள பெட்டி, மாதத்துக்கொரு தடவை கொன்டாக்ட் கிளீனர், ஒவ்வொரு துளையிலும் நாலைந்து தரம் செருகி உருவுதல். சாதாரண எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்?

அக்கா சங்கீதம் படித்தவர். வீட்டில் ஒரு எலக்ட்ரொனிக் சுருதிப் பெட்டி இருந்தது, இப்போது அது அலுமாரிக்குள். இந்தச் சிந்தசைசரில் ஒரு ஒசிலேட்டரை ஷட்ஜத்திலும் மற்றதைப் பஞ்சமத்திலும் வைத்து, காதாலேயே சேர்க்கலாம். ஷட்ஜம் 220 ஹேர்ட்ஸ் என்றால் சுத்தப் பஞ்சமம் 330. கீபோர்டின் பஞ்சமமோ 329.63. வித்தியாசம் அற்பம்தான், ஆனால் ஷட்ஜத்தின் மூன்றாம் ஹார்மொனிக்கும் (சுரத்தோடு கூடவே ஒலிக்கிற மேலோசை) பஞ்சமத்தின் இரண்டாம் ஹார்மொனிக்கும் ஒன்றாகச் சேராமல் நொடிக்கு முக்கால் தடவை அளவில் ஓசை ஏறி இறங்கும். குமிழை மயிரளவு திருப்பினால் அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிடும். கீபோர்டில் அடைக்கப்பட்ட சுருதிக்குப் பழகிய என் காதுக்கு அந்த நிற்கிற கணம் இன்னும் அலுக்கவில்லை. பிறகு பில்டரின் ரெசொனன்ஸை (வெட்டுகிற இடத்தில் ஓசையை எடுத்துக் காட்டுவது) கூட்டி, கட்ஓஃபை (அது வெட்டுகிற இடம்) மிக மெதுவாக இறக்கினால் வாள்பல் அலையின் ஹார்மொனிக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் துலங்கும். தம்புராவின் ஜீவாரியை, அதன் ரீங்காரத்தை, இதுவரை நான் கேட்ட எந்த மெஷினும் இவ்வளவு கிட்ட நெருங்கியதில்லை.

அடுத்தது கமகம், சுரத்தை அசைத்துப் பாடுவது. இதற்காக மட்டுமே மாத்ஸ் மொடியூலின் விலையைக் கொடுப்பேன். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற சுரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அகல அசைவது. ரி முதல் ம வரை நாலு அரைச்சுரம், வோல்டேஜில் சொன்னால் மூன்றிலொரு வோல்ட். மாத்ஸைச் சுழல விட்டால் எட்டு வோல்ட் வரை ஏறி இறங்கும். அதை மூன்றிலொரு வோல்ட்டாகக் குறைக்க வேண்டுமென்றால் குமிழை நடுவிலிருந்து விரலால் உணர முடியாத அளவே திருப்ப வேண்டும். அது கடுப்பான வேலை, ஆனால் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் கைக்குள் வரும். ஏறும் நேரம் ஒரு குமிழ், இறங்கும் நேரம் ஒரு குமிழ், போகிற பாதை வளைந்து போகிறதா நேராகப் போகிறதா என்பதற்கு இன்னொரு குமிழ். வேகத்தை ஆளும் துளைக்கு வேறொரு மெதுவான வோல்டேஜைக் கொடுத்தால் அசைவு ஒரே சீராக இராமல் மூச்சு விடும். கொம்பியூட்டரில் பிட்ச் கோடு வரைந்து இதைச் செய்யலாம் என்பார்கள். நானும் செய்தவன்தான். வரைந்த கோட்டைக் கேட்பதும், விரல் அசையும்போதே சுரம் அசைவதைக் கேட்பதும் ஒன்றல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சமையலறையிலிருந்து வந்து கதவடியில் நின்று கேட்டார். "தோடி எண்டு சொல்ல மாட்டன் தம்பி. ஆனா அந்தக் காந்தாரம் சரி. ரியைக் கொஞ்சம் குறைவாத் தொடு" என்றார். குறைத்தேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அதே சுருதியில் பாடத் தொடங்கிவிட்டார். அன்று சமையல் பிந்தியது.

1960களில் கலிபோர்னியாவில் சிந்தசைசர் வடிவமைப்பாளர் டொன் புக்ளா தன் மொடியூலருக்குப் பியானோக் கீபோர்டே வேண்டாமென்று தொடுதகடுகளை வைத்தார். அதே காலத்தில் நியூயோர்க் மாநிலத்தில் ரொபர்ட் மோக் கீபோர்டைச் சேர்த்தார், உலகம் அவர் பக்கம் போனது. நம்முடைய சங்கீதத்துக்குப் புக்ளாவின் எண்ணம்தான் கிட்ட என்று எனக்குத் தோன்றுகிறது, கருவி வேண்டுமானால் மோக்கின் வழியில் வந்ததாக இருக்கட்டும். 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் மொடியூலரை நிறுவிக் கொடுத்தார். நம் பக்கத்து வெயிலில் இந்தக் கருவி ஓடுவது புதுச் செய்தி இல்லை. நம் ராகங்களுக்காக அதில் யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்னும் நிறையக் கேட்க வேண்டும்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது கொம்பியூட்டரில் இருந்த வேலை எத்தனையோ பாதியில் போனது. இந்தப் பெட்டியில் குமிழ்கள் வைத்த இடத்தில் இருக்கும், கேபிள்கள் போட்டபடி இருக்கும். கரண்ட் வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து சத்தம் தொடங்கும். பேட்சை, அதாவது போட்ட இணைப்புகளையும் குமிழ் நிலைகளையும், சேமிக்க முடியாது என்பதைக் குறையாக எழுதுவார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. போனில் ஒரு படம் எடுத்தால் போதும், மறுநாள் அதே மாதிரி வராவிட்டால் வேறொன்று வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பனுக்கு நான் சொன்ன பதில்: இப்போது எடுக்காதே. திருத்தச் செலவும், சொக்கெட் தேடி அலைந்ததும் இன்னும் உடம்பில் இருக்கிறது. அதை ஒதுக்கிவைத்து யோசித்தாலும், முதல் தடவை தொடுகிறவனுக்கு விசிவி ரக் என்ற மொடியூலர் சிந்தசைசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற அதே கணக்கில்தான் அதுவும் ஓடுகிறது. கமகப் பேட்சை அதில் போட்டுப் பார்க்கலாம். அதில் மூன்று மாதம் ஆசை தாங்கினால் பிறகு பேசுவோம். அவனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. உன்னுடையதையாவது எனக்குத் தா என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியும் அந்தப் பாவித்ததை வாங்கத்தான் போகிறான் என்றால் விற்கிறவர் வீட்டிலேயே செய்ய வேண்டியவை சில. அவர் கடற்கரைப் பக்கமா உள்ளேயா என்று கேட்க வேண்டும். கேபிள் ஒன்றுமில்லாமல் பெட்டியைப் போட்டு, சத்தம் விடாமல் வருகிறதா என்று பத்து நிமிடம் கேட்க வேண்டும். பிறகு டியூனரைப் போனில் திறந்து வைத்து, மூன்று ஸ்தாயி மேலே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கேபிளை ஆட்ட வேண்டும். ஊசி ஆடினால் சொக்கெட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று அவர் சொன்னால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.