‘எஸ்டிமேட்’ சீட்டை பில் என்று நம்பி கோப்பில் வைத்திருந்தவனின் எச்சரிக்கை

வீட்டுக்கு வாங்கிய எந்தப் பொருளின் ரசீதையும் நான் தூக்கி எறிந்தவனல்ல. சொந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, மின்சாதனம், குழாய் வேலை, வீட்டு வரி என்று தனித்தனிக் கோப்புகள் போட்டு, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் செருகி அடுக்கி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவனே ஏமாந்தான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஏப்ரலில் இன்வெர்ட்டருக்கு 150 ஆம்பியர்-அவர் (Ah) டியூபுலர் பேட்டரி ஒன்று வாங்கினேன். கடைவீதியில் பல வருடங்களாக இருக்கும் கடை. உரிமையாளரும் முகம் தெரிந்தவர்தான். பழைய பேட்டரிக்குக் கழித்தது போக 16,000 ரூபாய் என்று விலை சொல்லிவிட்டு, “பில்லு போட்டா இந்த ரேட்டு சார், சீட்டு போதும்னா 14,200க்கு முடிச்சுடலாம், வாரண்டிக்கு நான் பொறுப்பு” என்றார். அன்று பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆனது). ஆகவே அவர் சொன்னது நியாயம்போலவே தோன்றியது. 1,800 ரூபாய் மிச்சம் என்ற ஆசையும் எனக்கு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயிரம் ரூபாயை அங்கே ஒட்டியிருந்த கியூஆர் கோடில் செலுத்தினேன். மீதியை ரொக்கமாகக் கேட்டார், கொடுத்தேன். வாரண்டி அட்டையை, “ஆன்லைன்ல நாங்களே பதிஞ்சிடுவோம்” என்று சொல்லி முத்திரை குத்தாமலே தந்தார்.

2025 ஆகஸ்டில் மின்சாரம் போனால் இருபது நிமிடத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் வந்து அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் (செல்) விட்டுப் பார்த்து, இரண்டு அறைகள் செத்துவிட்டன, மாற்றித்தான் தர வேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு பில் கேட்டார். பெருமையாகக் கோப்பை எடுத்து நீட்டினேன். அவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. “இது பில் இல்ல சார், எஸ்டிமேட்.”

அதன் பிறகுதான் அந்தத் தாளை ஒழுங்காகப் பார்த்தேன். தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்றிருந்தது. கடையின் பெயரோ, ஜிஎஸ்டி எண்ணோ, பேட்டரியின் வரிசை எண்ணோ இல்லை. ‘150 பேட்டரி - 1’ என்று பால்பாயின்ட் பேனாவால் ஒரு வரி, அதற்கெதிரே தொகை, அவ்வளவுதான். ஆன்லைன் பதிவும் நடந்திருக்கவில்லை. பில் இல்லாவிட்டால் உற்பத்தித் தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிடுவது அந்த நிறுவனத்தின் விதி. என் பேட்டரியோ 2022 ஜூனில் செய்யப்பட்டு, பத்து மாதம் கடையில் கிடந்த பிறகு எனக்கு விற்கப்பட்டது. முழு மாற்றுக்கான 36 மாதக் கெடு அதன் கணக்கில் 2025 ஜூனோடு முடிந்துவிட்டது. வாங்கிய தேதிக்கு பில் இருந்திருந்தால் 2026 ஏப்ரல் வரை இருந்திருக்கும்.

கடைக்குப் போனேன். முகம் தெரிந்த அதே மனிதர், “இதுல எங்க கடை பேரே இல்லையே சார்” என்றார். கியூஆர் கோடில் கட்டிய ஆயிரத்தைக் காட்டினேன். அது கடையின் கணக்கு அல்ல, அவருடைய உறவினர் ஒருவரின் தனிப்பட்ட கணக்கு என்பது அப்போதுதான் தெரிந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்ததற்கு, வாடிக்கையாளரே பில் வேண்டாம் என்றார் என்று கடையிடமிருந்து பதில் வந்தது. பாதி உண்மை என்பதால் அது அதிகம் வலித்தது. ஆனால் விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. 200 ரூபாய்க்குக் குறையாத விற்பனை எதற்கும், ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை, நாம் கேட்காவிட்டாலும் பில் போட வேண்டும்.

கோப்பின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டதால், அன்றிரவே எல்லா உறைகளையும் பிரித்துப் பார்த்தேன். வாட்டர் ஹீட்டரின் பில் இருந்த உறையில் வெள்ளைத் தாள் மட்டும் இருந்தது. அது வெப்பத்தில் அச்சாகும் தெர்மல் தாள். வெயிலும் சூடும் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருளும் அதன் எழுத்தை அழித்துவிடும் என்பதால், பத்திரம் என்று நினைத்துப் போட்ட உறையே அதைத் தின்றிருக்கிறது. (லேமினேட் செய்தால் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும், அதையும் முயல வேண்டாம்.) நல்ல வேளை, அந்தக் கடை முறையாக பில் போட்ட கடை, கைபேசி எண்ணைச் சொன்னதும் கணினியிலிருந்து மறுபடி அச்சிட்டுத் தந்தார்கள். என் அப்பா இந்தத் தொல்லை எதுவும் படாதவர். வளைந்த கம்பியில் ரசீதுகளைக் குத்திச் சுவரில் மாட்டியிருப்பார். அந்தக் கம்பியிலிருந்து எடுத்து வைத்த 1987ஆம் ஆண்டு சிமென்ட் பில்லின் கார்பன் எழுத்து இன்றைக்கும் படிக்கும்படி இருக்கிறது.

இப்போது பணம் கொடுக்கும் முன்பே கடையிலேயே நின்று தாளைப் படிக்கிறேன். ஜிஎஸ்டி எண்ணில் எண்ணும் எழுத்தும் கலந்து பதினைந்து இடங்கள். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வரும். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) உள்ள சிறு கடைகள் வரியைத் தனியாகக் காட்டாமல் ‘பில் ஆஃப் சப்ளை’ தருவார்கள், அது செல்லும். பொருளின் வரிசை எண்ணை பில்லிலேயே எழுதச் சொல்கிறேன். தெர்மல் தாளை வீடு வந்ததும் படமெடுத்து, சாதாரணத் தாளில் நகலெடுத்து, இரண்டையும் காகித உறையில் வைக்கிறேன். வாரண்டி முடிந்தால் கழித்துவிடும் தாள்கள் ஒரு கட்டு. மாடி எடுத்தது, சுற்றுச்சுவர் கட்டியது போன்றவை வேறு கட்டு. வீட்டை என்றாவது விற்றால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழிக்க அவைதான் ஆதாரம் என்பதால் வீடு இருக்கும்வரை அவையும் இருக்கும். கொத்தனார் பில் தரமாட்டார். அவரிடம் 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். வெள்ளையடித்த செலவு அந்தக் கட்டில் சேராது, அது பராமரிப்பு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வங்கிக் கணக்குத் தாள், முத்திரையில்லாத வாரண்டி அட்டை, சர்வீஸ் ஆள் எழுதித் தந்த அறிக்கை ஆகியவற்றோடு அந்த எஸ்டிமேட் சீட்டையும் இணைத்திருக்கிறேன். கடையின் பெயரே இல்லாத அந்தத் தாளின் அடியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்பது மட்டும் அழகாக அச்சாகியிருக்கிறது.