பழைய டூ-ஸ்ட்ரோக் ஜெட்ஸ்கி: எஞ்சின் ஜாமான காரணத்தைத் தேடிய அனுபவம்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள சிலியாவைப் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் ஜெட்ஸ்கி வைத்திருக்கிறோம் என்றால் வெளியூர் உறவினர்கள் வியப்புடன்தான் கேட்கிறார்கள். ஆனால் போர்ட்டிக்சன் கடற்கரை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. லிங்கி ஆற்று முகத்துவாரத்திற்கும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எளிதாகப் போய்விடலாம். நானும் என் மைத்துனரும் பங்கு போட்டு வாங்கியது 1990களின் இறுதியில் தயாரான, இரண்டு சிலிண்டரும் இரண்டு கார்பரேட்டரும் கொண்ட, 700 சிசி வகுப்பைச் சேர்ந்த ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் இயந்திரம். எங்களுக்கு முன்பே அது சிலர் கை மாறி வந்திருந்தது. பல ஆண்டுகள் பயன்படுத்தி, ஒருமுறை எஞ்சின் ஜாமாகி, அதைத் திறந்து சரிசெய்து, இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதால், இத்தகைய பழைய இயந்திரம் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிய பிறகு அது நடுநீரில் நின்றுபோனவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

இயந்திரத்தின் நிறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை குறைவு, ஆக்சிலேட்டரை அழுத்தியவுடன் பாய்ந்து புறப்படும் வேகம், வால்வும் டைமிங் செயினும் இல்லாத எளிய அமைப்பு ஆகியவை டூ-ஸ்ட்ரோக்கின் இயல்பான சிறப்புகள். எங்கள் வட்டாரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. யமாஹா ஆர்எக்ஸ்ஸெட் என்ற டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களையும் தோட்டத்துப் புல்வெட்டும் இயந்திரங்களையும் பிரித்துப் பிரித்துக் கைபழகிய மெக்கானிக்குகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக்கின் குணம் அத்துப்படி.

இருந்தாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கும் ஜெட்ஸ்கி எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, கியர் மாற்றும் இடைவெளி உண்டு. நீரில் ஓடும் எஞ்சினுக்கு இவை எதுவும் கிடையாது. பம்பு நீரைத் தள்ளும் வரை சுமை விடாமல் எஞ்சின் மேல் இருந்துகொண்டே இருக்கும். அதன் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே வருவதால், ஏதோ ஒரு காரணத்தால் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, வெப்பமும் ஏறுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் இந்த எஞ்சின்கள் முன்னறிவிப்பே இல்லாமல் செத்துவிட்டதாக உரிமையாளர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் முன்னறிவிப்பு இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் இயந்திரத்தில் அந்த அறிகுறி ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தில், தெரிந்தது. குளிர்ந்த நிலையில் சீராக நின்ற ஐட்லிங், சூடேறிய பின் தானாக உயர்ந்தது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரெவ் (எஞ்சின் சுழலும் வேகம்) உடனே இறங்காமல் சற்று நேரம் தொங்கி நின்று, பிறகுதான் கீழே வந்தது. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தால் இது மறைந்துவிடும் என்பதால் பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் சூடான பின் ஐட்லிங் உயர்வதும் ரெவ் தொங்குவதும், கார்பரேட்டர் வழியாக வராத காற்று எங்கிருந்தோ எஞ்சினுக்குள் நுழைகிறது என்பதற்கான மிகத் தெளிவான அடையாளங்கள். பிறகு ஒருநாள் கடலில் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடியபோது எஞ்சின் இழுத்துப் பிடித்தது போல் நின்றது. ஆறிய பின் மீண்டும் ஸ்டார்ட் ஆனது, ஆனால் பாதிப் பலம்கூட இல்லை. இது நிகழ்ந்தது கடலில் என்பதில் எனக்கு ஆறுதல்தான். லிங்கி ஆற்றில் முதலைகள் இருப்பதை இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிவோம். அங்கே எஞ்சின் நின்றுபோவது வேறு விதமான ஆபத்து.

நாங்கள் முதலில் கேட்ட ஒரு பட்டறையில், பிளக்கைக் கழற்றிப் பார்த்த கையோடு, பழுதான சிலிண்டருக்குப் புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுத் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். பழைய ஜெட்ஸ்கி வைத்திருப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிஸ்டனைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கும்போது புது பிஸ்டன் அதே வழியில்தான் போகும். எங்கள் ஊரில் ஆர்எக்ஸ்ஸெட் காலத்திலிருந்தே பட்டறை நடத்திவரும் மாமா ஒருவர் அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, பிஸ்டன் கடைசியா செத்தது. மொதல்ல எது செத்துச்சுன்னு பாக்காம சாமான் வாங்காதீங்க.”

அவர் கடைப்பிடித்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் காற்று போதுமான அளவு உள்ளே வராமல் அளவு குறைத்துக் காட்டும். பின் சிலிண்டர் 145 பி.எஸ்.ஐ (அழுத்த அலகு) அளவில் நின்றது. முன் சிலிண்டர் 100-ஐக் கூட எட்டவில்லை. கேஜுக்குக் கேஜ் அளவு சற்று மாறும் என்பதால், எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வேறுபாட்டையே கவனிக்க வேண்டும். அது பத்து விழுக்காட்டைத் தாண்டினால் உள்ளே பார்க்காமல் ஓட்டக்கூடாது.

அடுத்து அவர் எஞ்சின் தலையைக் கழற்றவில்லை. புகைபோக்கி மேனிஃபோல்டை மட்டும் கழற்றி, எக்ஸாஸ்ட் துவாரத்தின் வழியாக டார்ச் விளக்கை அடித்து, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார். முன் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில், ரிங்கிலிருந்து கீழ்நோக்கி, விரல் அகலத்திற்குச் சாம்பல் நிறக் கீறல்கள் நெருக்கமாக ஓடியிருந்தன. ரிங் ஓர் இடத்தில் உருகிய அலுமினியத்தில் சிக்கி அசைவற்றிருந்தது. பின் பிஸ்டன் அதே துவாரத்தின் வழியே பார்க்கும்போது சுத்தமாக, லேசான பழுப்புக் கறையுடன் மின்னியது.

இந்தக் காட்சியே பாதி விடையைத் தந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறியிருந்தால் அது பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து, வெப்பம் மிகுந்ததால் வந்த ஜாம். பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் கீறியிருந்தால், பிஸ்டன் சூடேறி விரிந்தும் சிலிண்டர் இன்னும் குளிர்ந்திருந்ததாகப் பொருள்; எஞ்சினை சூடேற்றாமல் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டினால் அது நேரும். பிஸ்டன் முழுவதும் வறண்டு கீறியிருந்தால் எண்ணெய் கலக்கப்படவே இல்லை என்று சந்தேகிக்கலாம். இதைவிட முக்கியமானது, கெட்டது ஒரு பிஸ்டனா இரண்டுமா என்பது. எண்ணெய்க் கலவை, பெட்ரோல் வடிகட்டி, டாங்கிலிருந்து வரும் குழாய், பெட்ரோல் திறக்கும் வால்வு ஆகியவை இரண்டு சிலிண்டருக்கும் பொதுவானவை. அவற்றில் குறை இருந்தால் இரண்டு பிஸ்டனிலும் அதன் தடம் இருக்கும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால், அந்தச் சிலிண்டருக்கே உரிய கார்பரேட்டரையும், அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீலையும் (கிராங்க் ஷாஃப்டின் முனையில் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), கேஸ்கெட்டுகளையும்தான் முதலில் தேட வேண்டும். ஒற்றைக் கார்பரேட்டர் மாடல்களில் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக இராது.

எஞ்சின் தலையைக் கழற்றாததன் காரணம் இப்போது விளங்கியது. பிளக்குகளை மீண்டும் பூட்டி, எக்ஸாஸ்ட் துவாரங்களையும் கார்பரேட்டர் அமரும் இடத்தையும் தடித்த ரப்பர் வைத்து அடைத்து, பல்ஸ் குழாய் (கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைப் பெட்ரோல் பம்புக்குக் கொண்டுசெல்லும் சிறு குழாய்) வழியாகக் கைப்பம்பால் 8 பி.எஸ்.ஐ அளவுக்குக் காற்றேற்றினார். நல்ல எஞ்சின் இந்தக் காற்றைப் பல நிமிடங்கள் பிடித்து வைத்திருக்க வேண்டும். எங்களுடையதில் முள் கண்ணெதிரே இறங்கியது. கேஸ்கெட் ஓரங்களில் சோப்பு நீர் தெளித்தும் ஒரு குமிழிகூட இல்லை. பிளைவீல் மூடியையும், பிறகு புல்லர் போட்டு பிளைவீலையும் கழற்றி அதன் பின்னால் தெளித்தபோதுதான், கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி சீலின் உதட்டோரத்தில் சிறு சிறு குமிழிகள் விடாமல் பொங்கின. சீலைப் பெயர்த்தெடுத்து நகத்தால் அழுத்தினால், ரப்பர் வளையாமல் பிளாஸ்டிக் போல் இறுகிக் கிடந்தது. சூடேறும்போது அது இன்னும் விலகி, காற்றை உள்ளே விட்டிருக்கிறது. ஐட்லிங் உயர்ந்ததற்கும் முன் பிஸ்டன் கருகியதற்கும் ஒரே காரணம் அதுதான். எஞ்சின் தலையை முதலிலேயே கழற்றியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வாய்ப்பே இருந்திருக்காது.

முன் கார்பரேட்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. உள்ளிருந்த சிறு வலை வடிகட்டியில் பழுப்பு வண்டல் படிந்திருந்தது, டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருந்தது. இரண்டு கார்பரேட்டருக்கும் புது டயஃப்ரமும் ஊசியும் மாற்றினோம், பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் புதிதாக்கினோம். சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை நீக்கி, சிலிண்டரின் உட்புறத்தை அடுத்த அளவுக்குக் கடைந்து பெரிதாக்கி, இரண்டு சிலிண்டருக்கும் புது பிஸ்டன் போட்டோம். கிராங்க்கின் இரு முனை சீல்களையும் மாற்றுவதற்கு எஞ்சினை முழுவதும் இறக்கிப் பிளக்க வேண்டியிருந்தது. செலவும் உழைப்பும் இதில்தான் அதிகம். அதைத் தவிர்க்க நினைப்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் தவிர்க்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் இயந்திரத்தில் முன்னாள் உரிமையாளர் ஆயில் பம்பை நீக்கிவிட்டிருந்தார். ஆகவே டாங்கிலேயே 50:1 விகிதத்தில், அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, எண்ணெய் கலக்கிறோம். புது பிஸ்டன் பழகும் வரை எண்ணெயைச் சற்றுக் கூட்டி, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினோம். நீரில் ஓடும் எஞ்சினுக்கென வரையறுக்கப்பட்ட டிசி-டபிள்யூ3 தர எண்ணெயையே பயன்படுத்துகிறோம்.

உப்பு நீரால் வரும் கேட்டையும் எஞ்சின் பழுதோடு சேர்த்தே எண்ண வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நல்ல நீரால் கழுவும்போது, முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிறகே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் புகைபோக்கி வழியாக நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். நின்றுபோன ஜெட்ஸ்கியைப் படகில் கட்டி இழுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. வேகமாக இழுத்தால் பம்பு வழியாக நீர் தள்ளப்பட்டு எஞ்சின் நிறையும். குளிர்நீர்க் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பின், மிக மெதுவாக இழுக்க வேண்டும். அன்று எங்களை இழுத்து வந்த மீன்பிடிப் படகுக்காரர் இதைக் கேட்டுப் பொறுமையாக வந்ததால்தான் எங்கள் பேரிங்குகள் துருப்பிடிக்காமல் தப்பின.

வாங்கப் போகிறவர்கள் கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சீல் போன எஞ்சினும், பிஸ்டன் கீறும் நாள் வரை நல்ல கம்ப்ரஷனைக் காட்டும். விற்பவரின் அனுமதியோடு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஐட்லிங்கைக் கவனியுங்கள், ஆயில் பம்பு இருக்கிறதா நீக்கப்பட்டதா என்று கேளுங்கள், கிராங்க் சீல் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், சீல் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள்.