ராம்ஸ்டைன் பக்கம் நாலு நாள் லீவ் கிடைத்தால்: பஸ்ஸா, காரா, கார்மிஷா, ஸ்பேஸ்-ஏவா?

டெக்ஸாஸிலிருந்து ஒரு தோழி போன வாரம் கூப்பிட்டாள். அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் அவள் கணவருக்கு ஜெர்மனிக்கு மாற்றல் ஆர்டர்ஸ் வந்துவிட்டதாம், மூன்று வருடம், குடும்பத்தோடு. பள்ளிக்கூடம் எப்படி, வீடு பேஸுக்கு (ராணுவத் தளத்துக்கு) உள்ளேயா வெளியேயா என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்தால் முதல் கேள்வியே, "அக்கா, அங்க வந்தா ஊர் சுத்த எது பெஸ்ட்? பஸ் டூரா, நம்ம காரா, அந்த ஆர்மி ரிசார்ட்டா, இல்ல ஃப்ளைட்டே ஃப்ரீயா கிடைக்குமாமே, அதுவா?" என்றாள். சிரிப்பு வந்தது, ஏனென்றால் கணவரின் ராணுவ வேலைக்காக, ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊரான கைசர்ஸ்லாட்டர்னுக்கு வந்த முதல் மாதம் நானும் இதையேதான் எல்லாரிடமும் கேட்டேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு சுற்று முயன்று பார்த்தாகிவிட்டது என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ராணுவத்தில் வருடத்துக்கு 30 நாள் லீவ். கேட்க நிறையத் தெரியும், ஆனால் லீவுக்கு நடுவில் வரும் சனி ஞாயிறும் அந்த முப்பதில்தான் கழியும். அதில் இரண்டு வாரம் ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்க்கப் போய்விடும். மிச்சம் இருப்பதை வைத்து ஐரோப்பா பார்க்க வேண்டும். அதனால் இங்கே குடும்பங்கள் எல்லாம் ஏங்கிக் காத்திருப்பது நாலு நாள் வீக்கெண்டுக்கு: திங்கட்கிழமை அமெரிக்க அரசு விடுமுறை வந்தால் பல யூனிட்களில் வெள்ளியையும் சேர்த்துக் கொடுப்பார்கள், அது லீவில் கழியாது. ஆக இங்கே செலவாகிற பொருள் பணத்தைவிட நாள்தான். "எது மலிவு" என்று ஒப்பிடுகிறவர்கள் முதல் வருடத்தை வீணடிக்கிறார்கள். நானும் வீணடித்தேன்.

சரி, பஸ். பேஸில் அவுட்டோர் ரெக் என்று வெளிப்புறப் பொழுதுபோக்குக்கான ஒரு அலுவலகம் இருக்கும். ஸ்கீ, ராஃப்டிங், மலை நடை, கிறிஸ்துமஸ் சந்தை, ஹாலந்து டூலிப் தோட்டம், போலந்தில் பானை வாங்கும் பயணம் (சிரிக்காதீர்கள், போலெஸ்லாவியெட்ஸ் நீலப் பீங்கான் இல்லாத ராணுவ வீட்டுச் சமையலறையை நான் இன்னும் பார்க்கவில்லை) என்று மாதாமாதம் பட்டியல் போடுவார்கள். டாலரில் கட்டலாம், ஆங்கிலத்தில் பேசலாம், ஓட்ட வேண்டாம், வழி தெரிய வேண்டாம். புதிதாக வந்த குடும்பத்துக்கு, அதுவும் கார் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு, இதைவிட நல்லது இல்லை.

எங்கள் முதல் ஸ்கீ பயணம் இப்படித்தான். அதிகாலை மூன்று மணி, கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சு விளக்கு வெளிச்சத்தில் முப்பது நாற்பது பேர், பாதிக் குழந்தைகள் பைஜாமாவிலேயே. பஸ் கிளம்பியதும் உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள், எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் மடியில் புளியோதரைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இது பஸ் முழுக்க மணக்குமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். விடிந்தபோது பிளாக் ஃபாரஸ்டில் ஃபெல்ட்பெர்க் அடிவாரம், 1,493 மீட்டர் மலை, சுற்றிலும் வெள்ளை. ஸ்கீ பூட்ஸ் மாட்டுவது இருக்கிறதே, அது தனிப் பாடம்: நாலு கொக்கி, குழந்தையின் குதிகால் உள்ளே அடிவரை இறங்காமல் மேல் கொக்கி பூட்டாது, குழந்தை அழும், நமக்கு வியர்க்கும், வெளியே மைனஸ் ஐந்து. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் பெண் வந்து "முதலில் குதிகாலைத் தரையில் தட்டு" என்றாள். இரண்டு தட்டில் பூட்டியது. அப்புறம் கால்களை முக்கோணமாக வைத்தால் பீட்சா, நேராக வைத்தால் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என்று சொல்லிக்கொடுத்தாள். என் பையன் இன்றைக்கும் சரிவில் வேகம் எடுத்தால் "பீட்சா! பீட்சா!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டுதான் நிற்கிறான். எங்களால் தனியாகப் போய் இதைக் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பஸ்ஸின் குறையும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கே குழந்தை களைத்துவிட்டது, பஸ் கிளம்புவது நாலரைக்கு. மூன்றரை மணி நேரம் உணவகத்தில் ஒரே மேசையில் ஒரு சாக்லேட் பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸில் நேரம் நம்முடையது இல்லை, அவ்வளவுதான். அதோடு இப்படிப்பட்ட பயணங்களில் ஆள் சேராவிட்டால் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு, விலையில் என்னென்ன அடங்கும் என்பதும் பயணத்துக்குப் பயணம் மாறும். லிஃப்ட் டிக்கெட், ஸ்கீ வாடகை சேர்த்தா சேர்க்காமலா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். பாரிஸுக்கு ஒரே நாள் பஸ் என்று பார்த்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போங்கள். கைசர்ஸ்லாட்டர்ன் ஸ்டேஷனிலிருந்தே பாரிஸுக்கு நேரடி அதிவேக ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் போகிறவர்கள் ராத்திரி முழுக்கக் கழுத்து வலியோடு போய், ஈஃபிள் கோபுரத்தின் முன்னால் கொட்டாவி விடுவதைத்தான் படம் எடுத்து வருகிறார்கள்.

கார்மிஷ் கதை வேறு. பவேரிய ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கார்மிஷ்-பார்டென்கிர்ஷன், 1936 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். அங்கே எடல்வைஸ் லாட்ஜ் என்று அமெரிக்கப் படையினருக்கென்றே ஒரு ரிசார்ட், 2004இல் திறந்தது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு: இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் பவேரியாவின் நல்ல நல்ல விடுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு சிப்பாய்களின் ஓய்வு மையங்களாக்கியது. கார்மிஷ், கீம்ஸே ஏரி, பெர்ஷ்டெஸ்காடன் எல்லாம் அதில் சேர்த்தி. ஓபர்சால்ஸ்பெர்க்கில் நாஜிகள் காலத்து விடுதி ஒன்றை ஜெனரல் வாக்கர் ஹோட்டல் என்று பெயர் மாற்றி நாற்பது வருடத்துக்கும் மேல் நடத்தி, 1990களின் நடுவில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய், ஐரோப்பாவில் மிஞ்சியது கார்மிஷ் ஒன்றுதான். இதன் உடன்பிறப்புகள் ஹவாயில் வைகிகி கடற்கரையிலும், சியோலிலும், ஃப்ளோரிடா டிஸ்னி வளாகத்திலும் இருக்கின்றன.

எடல்வைஸில் அறை வாடகை ரேங்கைப் பொறுத்தது. இளநிலைச் சிப்பாய்க்குக் குறைவு, கர்னலுக்கு அதிகம், அறை ஒன்றுதான். சமத்துவம் பேசுகிறவர்களுக்கு இந்த ஒன்றாவது பிடிக்கும். ஸ்பான்சர் (தங்க உரிமை உள்ள படை வீரர்) கூட இருந்தால் வெளி விருந்தினரையும் அழைத்துப் போகலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தபோது நாங்கள் அங்கேதான் போனோம். ஜன்னலைத் திறந்தால் மலை, குழந்தைகளுக்கு நீச்சல் குளம், அப்பாவுக்கு நடக்க சமதளம். பார்ட்னாக் பள்ளத்தாக்கில் அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பாறை, காலுக்குக் கீழே நுரைத்து ஓடும் தண்ணீர், குற்றாலத்தைத் திருகி இடுக்கில் அடைத்த மாதிரி இருக்கிறது என்றாள். நாட்டிலேயே உயரமான சுக்ஷ்பிட்ஸ, 2,962 மீட்டர், அங்கிருந்தே பல்சக்கர ரயிலில் ஏறலாம். மேலே காற்று மெலிவு, வயதானவர்களை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.

குறை? எடல்வைஸுக்குள் நுழைந்தால் நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள். பேச்சு, சாப்பாடு, பர்கரின் அளவு எல்லாம் அதே. எனக்கு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது, என் கணவருக்கு அதுதான் ஓய்வே. கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் வேறு, நெரிசலில் ஏழு. நாலு நாளில் ஒன்று சாலையிலேயே போய்விடும். அதனால் இதைப் பெரியவர்கள் வரும்போதும், கணவர் டிப்ளாய்மென்ட் (குடும்பத்தை விட்டு வெளியிடப் படைப்பணி) முடிந்து திரும்பிய புதிதில் யாரும் எதையும் திட்டமிடத் தெம்பில்லாதபோதும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அடுத்து ஸ்பேஸ்-ஏ. ராணுவ விமானத்தில் காலி இருக்கை இருந்தால் ஏறிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை அல்லது பெயருக்கு ஏதோ. ராம்ஸ்டைனிலிருந்து ஸ்பெயினில் ரோட்டா, கிரீட்டில் சூடா விரிகுடா, அமெரிக்காவில் பால்டிமோர் என்று போகும். முன்னுரிமை ஆறு வகை. லீவில் இருக்கும் சிப்பாயும் கூடவே போகும் குடும்பமும் மூன்றாவது வகை. அவசர லீவில் போகிறவர் முதல் வகை, ஓய்வு பெற்றவர் ஆறாவது. பெயர் கொடுத்துவிட்டு முனையத்தில் உட்கார்ந்து ரோல் கால் (இருக்கைக்குப் பெயர் கூப்பிடுவது) வரை காத்திருக்க வேண்டும். கிடைத்தால் சொர்க்கம்: சி-17 சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் பக்கவாட்டு இருக்கையில், நடுவில் கட்டிப்போட்ட சரக்கைப் பார்த்துக்கொண்டு, காதில் பஞ்சு, காலில் இரண்டு சாக்ஸ் (திறந்த செருப்போடு ஏற விட மாட்டார்கள்). கிடைக்காவிட்டால்? போகும்போது கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம், வரும்போது கிடைக்காவிட்டால் லீவ் முடிந்துவிடும், சொந்தக் காசில் டிக்கெட். எங்களுக்கு நடந்தது இரண்டாவது. தெற்கே ஒரு தளத்தில் இரண்டு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்துவிட்டு, கடைசி நிமிடத்தில் நாலு பேருக்குச் சாதாரண விமான டிக்கெட் வாங்கினோம். அந்தக் காசில் ஒரு வாரம் முறையாகவே ஸ்பெயின் போயிருக்கலாம். குழந்தை இல்லாத தம்பதிக்கும், லீவ் நிறையச் சேர்த்து வைத்தவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் இது நல்ல விளையாட்டு. டிசம்பரிலும் பள்ளி விடுமுறையிலும் குடும்பத்தோடு இறங்காதீர்கள்.

என் ஓட்டு காருக்கு, கொஞ்சம் தந்திரத்தோடு. ஸ்கீ, ஹெல்மெட், டென்ட், கயாக் எல்லாவற்றையும் பேஸிலேயே அவுட்டோர் ரெக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பஸ்ஸில் ஏறாமல் உங்கள் காரில் போங்கள். பூட்ஸ் அளவை வீட்டுப் பக்கத்திலேயே நிதானமாகப் பார்த்துவிடலாம், குழந்தை களைத்தால் கிளம்பிவிடலாம். பெட்ரோல் விஷயத்திலும் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது: வரியில்லாத எரிபொருள் அட்டை, எஸ்ஸோ நிலையங்களில், மாத அளவோடு. ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும், ஆகவே எல்லை தாண்டும் முன் டேங்கை நிரப்புங்கள். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு வருட வில்லை (சாலைக் கட்டண அனுமதி) ஒன்றுதான், 40 ஃப்ராங்க். ஒரு நாள் போனாலும் அதேதான். "ஒரே ஒரு மணி நேரம்தானே" என்று வாங்காமல் போய் 200 ஃப்ராங்க் அபராதம் கட்டிய குடும்பம் எங்களுடையது, குற்றம் முழுக்க என்னுடையது, கணவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். ஆஸ்திரியாவில் குறுகிய கால வில்லை உண்டு. பனியில் குளிர்கால டயர் இல்லாமல் ஜெர்மனியில் ஓட்டவே கூடாது. சிப்பாய் எந்த நாட்டுக்குப் போனாலும் லீவ் படிவத்தில் அந்த நாடு இருக்க வேண்டும், அனுமதி விதிகளை முன்கூட்டியே பார்க்க வேண்டும். மனைவி குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டோடு சோஃபா சான்றும் (படையினர் குடும்பம் ஜெர்மனியில் தங்குவதற்கான சான்று) கையில் இருக்கட்டும்.

காரின் இன்னொரு லாபம், ஜெர்மானியர்கள் வேலைக்குப் போகிற நாளில் நாம் போகலாம் என்பது. தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு இல்லை. பெரும்பாலான கிறிஸ்துமஸ் சந்தைகள் அந்த வாரத்தை ஒட்டித்தான் திறக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ட்ரியர் சந்தையில் கூட்டமில்லாமல் நின்று சூடான வாஃபிள் சாப்பிட்டிருக்கிறோம். அதே சந்தைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் போன பக்கத்து வீட்டுக்காரி மனிதர்களின் முதுகைத்தான் பார்த்தாளாம். லக்சம்பர்க் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே ஹாம் என்ற இடத்தில் அமெரிக்கப் போர்வீரர் கல்லறை, ஐயாயிரத்துக்கும் மேல் கல்லறைகள், வெள்ளைச் சிலுவைகள், நடுநடுவே தாவீதின் நட்சத்திரங்கள், எல்லாருக்கும் முன்னால் இரண்டாம் உலகப் போரின் தளபதி ஜெனரல் பேட்டன். சீருடை போடுகிற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பெண் அங்கே நடந்தபோது எதுவும் கேட்கவில்லை. காரில் ஏறி பத்து நிமிடம் கழித்துத்தான் கேட்டாள், "அப்பா, இவங்க எல்லாம் வீட்டுக்கே போகலையா?" பஸ்ஸில் இருந்திருந்தால் அடுத்து சாக்லேட் கடைக்குக் கிளம்பியிருப்போம். நாங்கள் வண்டியை ஓரம் கட்டினோம்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக: ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023இல் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது, 2026இல் 63. மாதம் முழுக்க உள்ளூர், வட்டார ரயில் எல்லாம். பாரிஸ் ரயிலுக்குச் செல்லாது. கணவர் இல்லாத மாதங்களில், ஓட்டப் பிடிக்காத நாட்களில் இதைத்தான் வைத்துச் சமாளித்தேன்.

கடைசியாக, பட்டியலிலேயே யாரும் சேர்க்காத ஒன்று: வாசலில் இருக்கிற காடு. கைசர்ஸ்லாட்டர்ன் ஃபால்ஸர்வால்ட் காட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. மணற்பாறைகள், இடிந்த கோட்டைகள், ஹின்டர்வைடன்டாலில் சாத்தான் மேசை என்று ஒற்றைக் காலில் நிற்கும் பெரும் பாறை. வார இறுதியில் காட்டுக் குடில்களில் சுடச்சுட சூப்பும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். ஃபோல்க்ஸ்மார்ஷ் என்று ஊர்ச் சங்கங்கள் நடத்தும் நடைகள் உண்டு, 5, 10, 20 கிலோமீட்டர் என்று நமக்கு வேண்டிய தூரம், சில்லறைக் காசு, சோதனைச் சாவடியில் முத்திரை, முடிவில் சாஸேஜ். போட்டி கிடையாது, தள்ளுவண்டிக் குழந்தை முதல் எண்பது வயதுத் தாத்தா வரை நடப்பார்கள். லீவ் படிவம் வேண்டாம், எல்லை இல்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி யூனிட்டிலிருந்து போன் வந்து எல்லாம் ரத்தானாலும் நஷ்டம் இல்லை. என் ஜெர்மன் அத்தனையும் இந்த நடைகளில் கிழவிகளிடம் பேசிக் கற்றதுதான்.

தோழியிடம் இவ்வளவும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ எடல்வைஸுக்கு ரைஸ் குக்கர் கொண்டு போலாமா?" என்றாள். அறையில் சமைக்க விடுவார்களா என்று போன் செய்து கேட்கச் சொன்னேன். டிசம்பரில் வருகிறார்கள், முதல் வேலையாகக் குளிர்கால டயர் போடச் சொல்லியிருக்கிறேன்.