பொதுப்பாடங்கள்: கோர், திறந்த முறை, பங்கீட்டு முறை. எங்கள் பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும்?

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் (ஒரே துறையோடு நிற்காமல் பல துறைகளையும் படிக்க வைக்கும்) கல்லூரிக்கு மகளை அனுப்பப் போகிறோம் என்றதும் மொரீஷியஸில் ரோஸ் ஹில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "இங்கே ரெடுயி பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கலாமே, பொருளாதாரம் படிக்கிற பிள்ளைக்கு நாலு வருடமும் நடுவில் உயிரியலும் எதற்கு?" நியாயமான கேள்விதான். கல்லூரி பொதுப்பாடங்களை, அதாவது சொந்தத் துறைக்கு வெளியே படிக்க வேண்டியவற்றை, எந்த முறையில் வைத்திருக்கிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

கோர் முறையில் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே நூல்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919-இல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது. ஒரே நூலை எல்லோரும் படித்துவிட்டு வாதம் செய்வதில் தனி ருசி இருக்கும். ஆனால் இந்த முறையில் படித்த பிள்ளை எங்கள் வட்டத்தில் இல்லை, பாடப்பட்டியலைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

திறந்த முறை இதற்கு நேர் எதிர்: கட்டாயப் பொதுப்பாடம் கிட்டத்தட்ட இல்லை, பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். பிரௌன் பல்கலைக்கழகம் 1969 முதல் பின்பற்றுகிறது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பொதுப்பாடமாக முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்று மட்டுமே கட்டாயம். தன் வழி தெரிந்த பிள்ளைக்கு இது வரம். எங்கள் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்கு மூன்று முக்கியப் பாடங்களோடு வந்தவர்கள் அந்த மூன்றிலேயே நின்றுவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

நாங்கள் எடுத்தது பங்கீட்டு முறை. இலக்கியம், சமூகவியல், ஆய்வகத்தோடு அறிவியல், கணக்கு, எழுத்து, அந்நிய மொழி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பிடித்த வகுப்பைத் தேர்ந்து நிரப்ப வேண்டும். பல கல்லூரிகளில் பட்டத்துக்கு மொத்தம் 32 பாடங்கள். முதன்மைப் பாடத்துக்கு, அதாவது பட்டம் வாங்கும் துறைக்கு, பத்துப் பன்னிரண்டு போகும், பொதுப்பாடங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே, மிச்சம் பிள்ளையின் விருப்பம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: பிள்ளை மனம் மாறினால் என்ன ஆகும்? முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவில் அறிவித்தால் போதும். என் மகள் பொருளாதாரம் என்றுதான் போனாள். அறிவியல் கட்டத்தை நிரப்ப எடுத்த சூழலியல் வகுப்பில் வாரம் ஒரு மதியம் ஓடையில் இறங்கித் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். அப்புறம் அவள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். சுற்றுச்சூழல் படிப்புக்கு மாறியபோது அந்த வகுப்பே புதுத் துறையின் அறிமுகப் பாடமாகவும் கணக்கில் வந்தது. புள்ளியியலும் அப்படியே: கணக்குக் கட்டமும் நிரம்பியது, துறைத் தேவையும் தீர்ந்தது. ஒரு பருவம்கூட வீண்போகவில்லை. ஒரே துறையில் சேரும் மூன்றாண்டுப் பட்டத்தில் துறை மாறினால் பெரும்பாலும் மறுபடி முதலாண்டுதான். கட்டணம் கட்டுகிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பொதுப்பாடம் என்றால் இளப்பம் இல்லை. கடைசிப் பரீட்சைக்கு முன் விழுந்து விழுந்து படித்துத் தப்புகிற நம் பழக்கம் அங்கே செல்லாது. வாராவாரம் எழுதும் கட்டுரை, வகுப்பில் பேசுவது, இடைத்தேர்வு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

சேருமுன் பதிவாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு மூன்றைக் கேளுங்கள். ஒரு பாடம் இரண்டு கட்டங்களில் எண்ணப்படுமா, எத்தனை வரை? எச்.எஸ்.சி. பாடங்களுக்குக் கிரெடிட் (பட்டத்துக்கான கணக்கில் சேரும் மதிப்பு) தருவார்களா, அறிமுக வகுப்பைத் தாண்டி அடுத்த நிலை வகுப்பில் உட்கார மட்டும் விடுவார்களா? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிரெஞ்சே அந்நிய மொழிக் கட்டத்தைத் தீர்த்துவிடுமா, தேர்வு எழுத வேண்டுமா? கல்லூரிக்குக் கல்லூரி பதில் மாறும், அதனால் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.