வாயைப் பிளந்து பிடுங்கும் நாய்ப் பயிற்சியாளருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் குட்டி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. பத்து நாளில் வீட்டுக்கே வந்து பழக்கித் தருகிறேன் என்றவரிடம் 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். நாலு நாள்தான் வந்தார், பிறகு போனையே எடுக்கவில்லை. அந்த நாலு நாளும் செய்தது ஒன்றுதான்: மூன்று மாதக் குட்டியின் தாடையை அழுத்தி வாயைப் பிளப்பது, கவ்வியிருப்பதை விரலை விட்டுத் தோண்டி எடுப்பது, மூக்கில் ஒரு தட்டு.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம், கை வந்தால் பொருள் போய்விடும் என்று குட்டி கற்றுக்கொண்டதுதான். இப்போது தேங்காய்நார்க் கயிற்றுத் துண்டு கிடைத்தால் அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறது. மெல்லுவதை நிறுத்துகிறது, உடம்பு விறைக்கிறது, ஓரக்கண்ணில் வெள்ளை விழி தெரிகிறது. நாம் இன்னும் ஓரடி நெருங்கினால் அப்படியே விழுங்கிவிடும். கயிறு குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும்.

சரியான முறை மாற்றிக் கொடுப்பது. வேகவைத்த உப்பில்லாத கோழிக்கறியைத் துவரம்பருப்பு அளவு நறுக்குங்கள். குட்டி அதிகம் ஆசைப்படாத பொம்மையை வாயில் கவ்வியிருக்கும்போது ஒரே ஒரு முறை "விடு" சொல்லி, ஒரு நொடி கழித்து மூன்று துண்டைத் தரையில் போடுங்கள். அது தின்னும்போது பொம்மையை எடுத்து, உடனே திருப்பிக் கொடுங்கள். இந்தத் திருப்பிக் கொடுப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் போகாது என்று தெரிந்தால்தான் குட்டி விடும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை போதும். கறியை முதலில் காட்டிவிட்டுச் சொன்னால், கறி தெரியாதபோது கேட்காது. துரத்தினால் அதற்கு விளையாட்டு.

"வேண்டாம்" என்பது வேறு பாடம், வாயில் எடுக்கும் முன்பே விலகுவதற்கு. மூடிய கைக்குள் ஒரு துண்டு. நக்கும், பிறாண்டும், பேசாமல் இருங்கள். மூக்கை விலக்கிய நொடியில் மறு கையிலிருந்து கொடுங்கள். அதே கையிலிருந்து கொடுத்தால், கொஞ்சம் பொறுத்தால் இதுவே கிடைக்கும் என்றுதான் கற்கும். பிறகு திறந்த கை, அப்புறம் தரையில் காலடியில், கடைசியில் கயிற்றில் பிடித்து நடக்கும்போது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் வரை பால் பல் விழும், ஈறு நமைக்கும். கடிக்க ஏதாவது கொடுக்காமல் செருப்பை மட்டும் மறுப்பது நியாயமில்லை.

உறுமினால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். ஆறடி தள்ளி நின்று ஒரு துண்டை வீசிவிட்டு விலகிப் போங்கள். அது உங்களைப் பார்த்து வாலாட்டத் தொடங்கினால் அரையடி நெருங்கலாம்.

நெல் வயல் வரப்பில் மட்டும் பயிற்சியை நம்பாதீர்கள், கயிறு கையில் இருக்கட்டும். எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு கருஞ்சாம்பல் பொடி, வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாகும். தின்றுவிட்டால் சோறோ பாலோ புகட்டாதீர்கள், அது அமிலத்தைக் கூட்டும். பாக்கெட்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

பயிற்சியாளரிடம் முன்பணத்துக்கு முன்னால் ஒரு கேள்வி: "வாயில் எலும்பு இருந்தால் எப்படி வாங்குவீர்கள்?" கையை விட்டு எடுப்பேன் என்றால் அப்போதே அனுப்பிவிடுங்கள்.